சிசோமோவின் நிறம்

நம் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு என் அனுபவத்திலிருந்து நாலு விஷயம் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். முகப்படம் எடுப்பதில் நான் வைத்திருக்கும் ரகசியத்தை எழுதினால் எல்லோருக்கும் பிரயோஜனமாக இருக்குமாம். ரகசியம் ஒன்றும் இல்லை. லைட்டை எங்கே வைப்பது, எந்த லென்ஸ் போடுவது என்பதையெல்லாம் நீங்கள் செல்போனிலேயே பார்த்துத் தெரிந்துகொள்கிறீர்கள். அதிலும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. நான் பத்து வருஷம் தட்டுத் தடுமாறிக் கற்றதை ஒருத்தன் பத்து நிமிஷத்தில் கற்றுக்கொண்டு வந்து எனக்கே விளக்கினால் எரியாதா?

எரியும். எனக்கு எப்போதுமே எரியும். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

தென்காசியில் நான் ஸ்டுடியோ போட்ட காலத்தில் எதிர் வரிசையில் இன்னொரு ஸ்டுடியோ இருந்தது. அவர் வாசல் கண்ணாடிப் பெட்டியில் ஒரு நல்ல குழந்தைப் படத்தை மாட்டிவிட்டால் அன்று எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்காது. ஊரில் முதலில் டிஜிட்டல் கேமரா வாங்கிய ஆளை ஒரு மாதம் பார்த்தும் பார்க்காதது போலப் போனேன். ஒரு கல்யாண வீட்டில் வீடியோக்காரனுக்கு முதல் பந்தியில் இலை போட்டு, என்னை அடுத்த பந்திக்குக் காக்க வைத்தார்கள். அந்த மாப்பிள்ளை பெயர் மறந்துவிட்டது. வீடியோக்காரன் அன்று எத்தனை தடவை பாயசம் வாங்கினான் என்பது மறக்கவில்லை. என் மனைவி செண்பகம், “உங்களுக்கு உடம்பெல்லாம் காது, காதெல்லாம் புகை” என்பாள்.

எனக்கு ஊரில் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு வேலை. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் பெண் படம். ராயகிரி, வாசுதேவநல்லூரிலிருந்தெல்லாம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வருவார்கள். வந்ததும் தாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பிள்ளை கொஞ்சம் நிறம் மட்டு அண்ணாச்சி, பாத்து எடுங்க” என்று காதோடு சொல்லுவாள். ‘பாத்து’ என்றால் என்ன என்று நம் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பிலிம் காலத்தில் நெகட்டிவில் பென்சிலால் தடவினோம். பிறகு கம்ப்யூட்டரில் மவுஸை இழுத்தோம். நிறத்தை இரண்டு படி ஏற்றுவது, பருவை அழிப்பது, தழும்பை அழிப்பது. கேட்டவர்களுக்கு மட்டும் என்பதில்லை, கேட்காதவர்களுக்கும் செய்தோம். செய்யாமல் கொடுத்தால், “என்ன அண்ணாச்சி, கறுப்பா அடிச்சிருக்கு” என்று படம் திரும்பி வந்துவிடும். சட்டைக்கு இஸ்திரி போடுவது போலத்தான் அதை நினைத்திருந்தோம். தப்பு என்ற எண்ணமே கிடையாது.

இனி என் மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். செண்பகத்தின் தம்பி சுடலைமுத்து, ஆய்க்குடிக்காரன், போர்வெல் வண்டி மெக்கானிக். இந்தப் பக்கத்து ஆட்கள் துபாய், சவூதி என்று போனபோது இவன் போர் போடும் கம்பெனி ஒன்றோடு ஆப்பிரிக்காவுக்குப் போனான். மலாவி என்று ஒரு நாடு. அங்கே கிராமம் கிராமமாகப் போய்க் குடிதண்ணீருக்குப் போர் போடுவார்கள். சாதுவான ஆள். நான் ஒன்று சொன்னால் அவனிடம் மறுபேச்சு இருக்காது. அதனாலேயே எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும்.

நான் ஸ்டுடியோவை மூடுவதற்கு முந்தைய குற்றால சீசன். ஆனி மாதம், சாரல் விழுந்துகொண்டிருந்தது. லீவில் வந்த சுடலை எங்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே போனில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி அவன் அக்காவுக்குக் காட்டினான். வண்டி, பாறை, சமையல் கூடாரம், கூட வேலை பார்க்கும் ஆட்கள். அவளும் பேருக்கு ம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு படத்தில் ம் நின்றுவிட்டது.

“ஏலே, இது யாரு பிள்ளை?”

“அந்த ஊருப் பிள்ளைக்கா. சிசோமோன்னு பேரு.”

“நம்மகிட்ட என்னமோ சொல்லப்போற மாதிரில்லா நிக்கா!” என்றவள் போனை என்னிடம் நீட்டினாள். “ஏங்க, இதைப் பாருங்களேன்.”

பார்த்தேன். ஆறு வயதுப் பெண் பிள்ளை. மண்சுவர் வீட்டு வாசலில் சிவப்புக் கவுன் போட்டு நிற்கிறாள். பின்னால் வீட்டுக்குள் நல்ல இருட்டு. பிள்ளையும் நல்ல கறுப்பு. எந்த ஸ்டுடியோக்காரனும் அந்த இடத்தில் நிறுத்த மாட்டான். ஆனால் பக்கவாட்டில் வந்த வெளிச்சம் நெற்றியிலும் கன்ன மேட்டிலும் மட்டும் விழுந்து, முகம் அந்த இருட்டிலிருந்து தனியாக முன்னே வந்து நின்றது. இடது கன்னத்தில் காய்ந்த சேறு மூன்று சொட்டு. போரில் தண்ணீர் முதலில் பீறிட்டபோது தெறித்தது என்றான் சுடலை. வாயை இறுக மூடியிருக்கிறாள், ஆனால் கண் சிரிக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு நொடி போனால் சிரித்துவிடுவாள். அதற்கு முன்னால் அழுத்தியிருக்கிறான்.

தம்பிகளே, முப்பத்தைந்து வருஷம் நான் குழந்தைகளைப் படம் எடுத்திருக்கிறேன். கிலுகிலுப்பை ஆட்டி, குரங்கு மாதிரி முகத்தைக் கோணி, பிஸ்கட் கொடுத்து எடுத்திருக்கிறேன். அந்த நொடி எனக்கு ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை. வயிறு எரிந்தது.

“எப்படிலே எடுத்தே?” என்றேன்.

“சும்மாத்தான் அத்தான். பிள்ளை நின்னுச்சு, எடுத்தேன்.”

அந்தச் ‘சும்மா’தான் என்னைக் கொன்றது. அவன், யோசித்து எடுத்தேன், அரைமணி நேரம் காத்திருந்தேன் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“வெளிச்சம் பத்தாது. முகம் அமுங்கிக் கிடக்கு” என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

“நமக்கு என்ன அத்தான் தெரியும்” என்று வெட்கப்பட்டுச் சிரித்தான்.

“எனக்கு நல்லாத்தான் தெரியுது” என்றாள் செண்பகம்.

அவள் என் படங்களைப் பார்த்து ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்லை. ஐந்தருவியை நான் எடுத்த பெரிய படம் ஒன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அந்த ஆணியிலேயே அதற்கு மேலே காலண்டரை மாட்டியிருக்கிறாள். ஐந்தருவியில் மூன்று அருவிதான் வெளியே தெரியும்.

சுடலைக்கு ஒரு உதவி வேண்டியிருந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக ஒரு காகிதப் பிரதி போட்டுத் தர வேண்டும். அவனுக்கு இல்லை, பிள்ளையின் தாய்க்கு.

“பிள்ளைக்கு அப்பன் தென்னாப்பிரிக்காவுல வேலை பாக்கான் அத்தான். இது வயித்துல இருக்கும்போது போனவன். பேப்பர் சரியில்லாம ஆறு வருசமா வர முடியலை. பிள்ளை முகத்தையே பாத்ததில்லை. நம்ம ஊர்ல துபாய்க்குப் போறவங்க மாதிரிதான். இப்பம் பேப்பர் சரியாயிட்டாம், கிறிஸ்மஸுக்கு வாரானாம். அதுக்கு முன்னால பிள்ளை படம் ஒண்ணு அனுப்பணும்னு அவ கேக்கா.”

“போன்ல அனுப்ப வேண்டியதுதானலே?”

“அவகிட்ட போனே கிடையாது. அவன்கிட்ட பட்டன் போனு. காயிதத்துல குடுத்தா பஸ்ஸுல போற ஆளுகிட்ட குடுத்து விட்டுருவாளாம். நான் வாக்குக் குடுத்துட்டேன் அத்தான்.”

சரி என்றேன். அதோடு முடிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். செண்பகம் விடவில்லை. சீசனுக்கு நம் சங்கம் குற்றாலத்தில் படக் கண்காட்சி வைப்பது உங்களுக்குத் தெரியும். பார்க்க வருகிறவர்கள் பிடித்த படத்தின் நம்பரைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். அதிகச் சீட்டு வாங்கிய படத்துக்குக் கேடயம். அதில் பாதிக் கேடயங்கள் என் வீட்டில்தான் இருந்தன.

“தம்பி படத்தையும் அங்கன வைங்க” என்றாள்.

“அவன் சங்கத்து ஆள் இல்லையே.”

“வீட்டுல ஒருத்தர் சங்கத்துல இருந்தாப் போதும்னு நீங்கதான முன்ன சொன்னிய?”

சொல்லியிருந்தேன். அந்த விதியைக் கொண்டுவந்ததே நான்தான். என் வாயே எனக்கு எதிரி.

மறுநாள் மாடி அறையில் பிரிண்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். முதலில் படத்தை இருந்தபடியே ஒரு பிரதி எடுத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அது அற்புதமாக வந்தது. இருட்டு இருட்டாக நின்றது. முகத்தின் கறுப்பில் நாலைந்து விதமான கறுப்பு இருந்தது, ஒன்றுகூட அமுங்கவில்லை. சேற்றுச் சொட்டைத் தொட்டால் விரலில் ஒட்டும் போலிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன். இதைக் கண்காட்சியில் வைத்தால் என் படத்தின் முன்னால் ஒரு ஆள் நிற்க மாட்டான் என்று தெரிந்தது. என் தொழில்காரர்கள் அத்தனை பேரும் என் வீட்டில் யார் நல்ல படம் எடுக்கிறார்கள் என்று பேசுவார்கள் என்றும் தெரிந்தது. எடுத்தவன் போர்வெல் மெக்கானிக். எடுத்தது போனில். அதுவும் சும்மா.

பிரதியைக் கிழித்துக் கூடையில் போட்டேன். மவுஸைப் பிடித்தேன்.

முதலில் சேற்றை எடுத்தேன். பிறகு கன்னத்தை ஏற்றினேன், நெற்றியை ஏற்றினேன். மூக்கின் ஓரத்தில் இருந்த நிழலை வழித்தேன். பின்னால் இருந்த இருட்டையும் திறந்துவிட்டேன், உள்ளே இரண்டு குடமும் ஒரு மூட்டையும் தெரிந்தன. கவுனைத் தொடவில்லை, அதற்கு அவசியம் இல்லை. ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும், பிரிண்டுக்கு இப்படித்தான் ஏற்ற வேண்டும், இத்தனை வருஷமாக எல்லோருக்கும் செய்ததுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம் தொழிலில் கெட்ட காரியம் செய்ய வெளியிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. தினமும் செய்யும் வேலையே போதும், யாருக்கும் சந்தேகம் வராது. கால்மணி நேரத்தில் சிசோமோ எங்கள் ஊர்ப் பெண் படங்கள் போல மழமழவென்று, நம் நிறத்துக்கு, நல்ல பிள்ளையாக ஆகிவிட்டாள். கண்ணில் இருந்த சிரிப்பு மட்டும் எங்கேயோ போய்விட்டது. அதை நான் அழிக்கவில்லை. அது தானாகப் போனது.

சாயங்காலம் சுடலை வந்து பிரதியைப் பார்த்தான். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

“அத்தான், பிள்ளை கொஞ்சம் வெளுப்பாத் தெரியுதோ?”

“பிரிண்டுக்கு அப்படித்தாம்லே ஏத்தணும். இல்லைன்னா கரிக்கட்டையா அடிச்சிரும்.”

“உங்களுக்குத் தெரியாததா” என்று பிரதியைப் பக்குவமாகப் பையில் வைத்துக்கொண்டான். “பிள்ளைக்கு அம்மை ரொம்பச் சந்தோசப்படுவா அத்தான்.”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். கண்காட்சிக்கு எதையோ வைத்துத் தொலைத்தாலும், தாய்க்குப் போகும் பிரதியையாவது ஒழுங்காக அடித்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரு பொய்க்கு ஒரு பிரதி அடித்தால் எல்லாப் பிரதியையும் அதே போலத்தான் அடிக்க வேண்டியிருக்கிறது.

கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. அருவியில் குளித்துவிட்டுத் தலையில் எண்ணெய் மினுக்க, ஈரத் துண்டோடு, மழைக்கு ஒதுங்க வந்தவர்கள்தான் பாதிப் பேர். சுடலையின் படத்துக்கு முன்னால் வந்தார்கள். “நல்லா இருக்கு” என்றார்கள். அடுத்த படத்துக்குப் போனார்கள். யாரும் நிற்கவில்லை. நான் தூண் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு ஆளும் நகர நகர எனக்கு உடம்பு லேசானது. அவ்வளவு கேவலமான சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு அனுபவித்ததில்லை.

செண்பகம் வந்தாள். அவள் மட்டும் நின்றாள்.

“போன்ல இருந்த பிள்ளை இது இல்லை” என்றாள்.

“போன்ல பாக்கதுக்கும் காகிதத்துல பாக்கதுக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வருஷமும் கேடயம் என் அருவிப் படத்துக்குத்தான் கிடைத்தது. அதை இந்தக் கட்டுரையோடு சேர்த்துச் செயலாளரிடம் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன். அவர் எதற்கு என்று கேட்டால், படித்தால் தெரியும் என்பேன்.

ஆடியில் சுடலை திரும்பிப் போனான். புரட்டாசியில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு அவனிடமிருந்து போன் வந்தது. செண்பகம் பக்கத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தம்பி குரலைக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“அத்தான், அந்தப் படத்தை என்ன பண்ணினிய?”

அவன் அப்படிக் கேட்டதே இல்லை.

“என்னலே ஆச்சு?”

“பிள்ளைக்கு அப்பன் படத்தைப் பாத்துட்டு, இது என் பிள்ளை இல்லைன்னு சொல்லிட்டான் அத்தான். எங்க ரெண்டு பேரு வீட்டுலயும் இந்த நிறம் கிடையாது, போர் போட வந்த இந்தியாக்காரன்தான் படத்தையும் குடுத்திருக்கான், பிள்ளையும் அவனுவ நிறத்துல இருக்குன்னு கேக்கானாம். ஊர்த் தலைவர் போனுக்குப் பேசி எல்லாரும் கேக்க மாதிரிச் சொல்லிட்டான். நாங்க அங்கன போனதே போன வருசம்தான். அது அவனுக்கு எங்க தெரியும்? கிறிஸ்மஸுக்கு வரமாட்டேன்னுட்டான்.”

செண்பகத்தின் கத்தி நின்றது.

“அவ என்ன சொல்லுதா?” என்று அவள்தான் கேட்டாள்.

“காலைல பிள்ளையைக் கூட்டிட்டு நடந்தே எங்க கேம்புக்கு வந்துட்டா. என் போன்ல இருக்க படத்தைக் காட்டுன்னா. காட்டினேன். படத்தையும் பிள்ளையையும் மாத்தி மாத்திப் பாத்தா. பொறவு என்னைப் பாத்தா. இன்னும் வெளியதான் நிக்காவ, ரெண்டு பேரும்.”

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். லைட் போய்விட்டால் என்ன செய்வது, கேமரா விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று எல்லோரும் சொல்லித் தருவார்கள். நீங்கள் செய்த தப்பு வேறொருவன் தலையில் விழுந்து, அவன் உங்களுக்கே போன் போட்டு விளக்கம் கேட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. யோசிக்க இரண்டு மூச்சு நேரம்தான் இருக்கும். எனக்கும் அவ்வளவுதான் இருந்தது. அதில் நான் என்ன செய்தேன் தெரியுமா?

“பிரிண்டர் கோளாறுலே. மெஷின்ல அப்பப்பம் கலர் வெளுத்துரும்” என்றேன்.

“அப்பாடா” என்றான் சுடலை. அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. “இருங்க அத்தான், பிள்ளைக்கு அப்பன் நம்பரை ஊர்த் தலைவர்கிட்ட வாங்கி வச்சிருக்கேன். அதையே அவன்கிட்ட சொல்லிருதேன். நீங்களும் லைன்ல இருங்க.”

இன்னொரு போனில் அவனைக் கூப்பிட்டான். இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் பேசினான். சுடலையின் இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியும். அந்த ஆளின் இங்கிலீஷ் ஒன்றும் புரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. கோபமான குரல் இல்லை, ரொம்பக் களைத்த குரல். கொஞ்சம் பேசிவிட்டுச் சுடலை என்னிடம் திரும்பினான்.

“அத்தான், ஒண்ணு கேக்கான். பிள்ளை போட்டிருக்க சிவப்புத் துணி அவன் வாங்கி அனுப்பினதாம். அந்த நிறம் அவனுக்கு நல்லாத் தெரியுமாம். படத்துல துணி அப்படியே இருக்கு, முகம் மட்டும் எப்படி வெளுக்கும்னு கேக்கான்.”

முப்பத்தைந்து வருஷத் தொழில்காரன் நான். கேமராவைக் கையால் தொட்டிருக்கிறானா என்றுகூடத் தெரியாத ஒருவன் என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டான்.

“மெஷின் இல்லைலே” என்றேன். “நான்தான் செஞ்சேன்.”

சுடலை அதை அப்படியே அவனிடம் சொன்னான். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கேள்வி வந்தது.

“ஏன்னு கேக்கான் அத்தான். என் பிள்ளை முகத்துல என்ன குறையைக் கண்டாருன்னு கேக்கான்.”

“எங்க ஊர்ல எல்லாருக்கும் அப்படித்தான் செய்வோம், வழக்கம்னு சொல்லு.”

அது பொய் இல்லை. ஆனால் செண்பகம் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். “முழுசாச் சொல்லுங்க” என்றாள். சத்தம் போடவில்லை. கண்காட்சியில் அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாள் என் வாயிலிருந்து வரட்டும் என்று இருந்திருக்கிறாள்.

எனக்கு இரண்டு பயம். ஒன்று, மச்சினன் முன்னால் சிறுத்துப்போவோம் என்பது. இன்னொன்று, ஏழு கடல் தாண்டி ஒரு பிள்ளை யாருடையது என்று கேட்கப்பட்டு ஒரு கேம்ப் வாசலில் நிற்கிறது என்பது. முதல் பயம்தான் பெரிதாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதையும் மீறித்தான் பேசினேன்.

“பிள்ளை முகத்துல ஒரு குறையும் இல்லைன்னு சொல்லு. படம் அவ்வளவு நல்லா இருந்துச்சுன்னு சொல்லு. நான் இத்தனை வருசத்துல அப்படி ஒரு படம் எடுத்ததில்லை. நீ எடுத்துட்டியேன்னு எனக்குப் பொறுக்கலை. பொறாமையில நான்தான் கெடுத்தேன். அப்படியே சொல்லுலே.”

போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறவில்லை.

“அத்தான்” என்றான் சுடலை. “இதை அவன்கிட்ட சொல்லித்தான் ஆகணுமா? வழக்கம்னே சொல்லிட்டுப் போவோமே.”

“துணியைப் பாத்தவன் அதை நம்ப மாட்டான். சொல்லு.”

“பொறாமைக்கு இங்கிலீஷ்ல என்ன அத்தான்?”

“ஜெலஸ்.”

சொன்னான். அந்த ஒரு வார்த்தையை மட்டும் நானும் கேட்டேன். சுடலை அதை இரண்டு தடவை சொன்னான். பிறகு அந்தக் களைத்த குரல் ஏதோ சொன்னது, மெதுவாக, சுருக்கமாக.

“என்னலே சொல்லுதான்?”

“நீங்க பொறாமைப்பட்ட படத்தை அனுப்பச் சொல்லுதான் அத்தான்.”

அன்று மத்தியானமே அடித்தேன். படம் முழுசாக வெளியே வரும்வரை செண்பகம் பக்கத்திலேயே நின்றாள், என் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. மவுஸை நான் தொடவில்லை. கன்னத்துச் சேறு மூன்று சொட்டும் வந்ததை எண்ணிப் பார்த்த பிறகுதான் அவள் கீழே போனாள். எனக்கு வயிறு முன்பு போலவே எரிந்தது. எரியட்டும் என்று விட்டேன். பொறாமையை விட்டுவிடுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அடுத்தவன் படத்தைப் பார்த்து வயிறு எரிந்தால், அந்தப் படத்தை அன்றைக்கு உங்கள் கையால் தொடாதீர்கள், வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள். இவ்வளவுதான் சொல்ல முடியும்.

படம் இங்கிருந்து தபாலில் நேரே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அதன் பிறகு இரண்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. கிறிஸ்மஸுக்கு மறுநாள் சுடலை போன் பண்ணினான். என்னைக் கூப்பிடாமல் அவன் அக்காவைக் கூப்பிட்டுத்தான் சொன்னான், ஸ்பீக்கரில் போட்டது அவள்தான். சிசோமோவின் ஊரில் பஸ் வந்து நின்றதும் ஊர்ப் பிள்ளைகள் அத்தனையும் வேடிக்கை பார்க்க ஓடியிருக்கின்றன. பண்டிகைக்கு எல்லாப் பிள்ளைகளும் புதுத்துணி போட்டிருந்ததால் அந்தச் சிவப்புக் கவுன் அன்று யார் மேலும் இல்லை. பிள்ளையின் தாய் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி, எது தன் பிள்ளை என்று கையைக்கூட நீட்டாமல் நின்றிருக்கிறாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய பிள்ளையின் அப்பன் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, ஒரு முகத்துக்கு முன்னால் மண்டி போட்டு, யாரையும் கேட்காமல் “சிசோமோ” என்று கூப்பிட்டிருக்கிறான்.